பட்டியலில் பெயர் ஹட்டியில், குடித்தனம் கோவையில்

5 நவம்பர் 2025 (மஞ்சூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம் நேற்றுத் தொடங்கிவிட்டது. வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீடு தேடி வந்து படிவம் கொடுக்கிறார், அவரே திரும்ப வாங்கிக்கொள்கிறார். கட்சிகளுக்கு வாக்குச்சாவடி நிலை முகவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நடுவில் தன்னார்வலர் என்று சொல்லிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றுகிறவர்களுக்கு என்ன வேலை? அவரவர் ஓட்டு அவரவர் பொறுப்பு. வராதவன் பெயர் போகட்டும்.

6 நவம்பர்

அந்த நோட்டுப் புத்தகக்காரர்களில் நானும் ஒருவன். கோத்தகிரிப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் 31 வருடம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவன். கட்சி எதுவும் கிடையாது. என் வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் வேலையும் கிடையாது என்பார்.

எங்கள் பாகத்தில் (பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதி) ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர், இரண்டு எஸ்டேட்டுகளின் லயன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பள்ளத்தில் இருளர் வீடுகள் இருபது என்று எண்ணூற்றுச் சொச்சம் பெயர்கள் இருக்கின்றன. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு, முட்டை எல்லாம் முடித்துவிட்டுத்தான் படிவக் கட்டோடு அவரால் கிளம்ப முடியும். ஹட்டியிலிருந்து கீழ் லயனுக்கு வரைபடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம். அவர் போய்ச் சேரும்போது லயனில் யாரும் இருக்கமாட்டார்கள், ஏனென்றால் காலை ஏழரைக்கே கொழுந்தெடுக்கப் போனவர்கள் இலையை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஐந்தாகும். ஐந்தரைக்குமேல் அந்த வழியில் கரடியோ காட்டுமாடோ நிற்கும். மழை மாதத்து மூடுபனியில் இரண்டும் பக்கத்தில் போகும்வரை தெரியாது. மூன்று முறையாவது வீடு தேடிப் போகவேண்டும் என்பது விதி. மூன்று முறையும் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் மூன்று முறையும் பூட்டுதான்.

எந்த லயனுக்கு எந்த மாலை அலுவலர் வருகிறார் என்பதை நாங்கள் முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லி வைக்கிறோம், கூடப் போகிறோம், டார்ச் பிடிக்கிறோம், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை வாசித்துச் சொல்கிறோம். கையெழுத்திடுவதில்லை, படிவங்களைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போவதுமில்லை. பதிவு பெற்ற கட்சி முகவர் நாளொன்றுக்கு 50 படிவங்கள் வரை ஒப்படைக்கலாம்; என்னைப் போன்றவன் ஊர்ப் படிவங்களைக் கட்டாகக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது.

'வராதவன் பெயர் போகட்டும்' என்பதற்கு ஒன்று சொல்லவேண்டும். பட்டுவாடா ஆகாத தபாலைச் சும்மா திருப்பி அனுப்ப முடியாது. வீடு பூட்டியிருக்கிறது, சென்றுவிட்டார், இறந்துவிட்டார், வாங்க மறுத்தார், இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று காரணத்தை உறையின்மேல் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். பூட்டியிருந்த வீட்டுக்குச் 'சென்றுவிட்டார்' என்று எழுதியதற்காக என் முதல் வருடத்திலேயே வசவு வாங்கியிருக்கிறேன். வாக்காளர் பட்டியலிலும் இதே வித்தியாசம்தான் முக்கியம். ஊரார் பத்துப் பேரை உட்காரவைத்து ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தால் எவர் எந்த வகை என்று பாதி அன்றைக்கே தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

8 நவம்பர்

ஒரு திருத்தம். படிவம் இரண்டு பிரதி தருவார்கள், இரண்டையும் நிரப்பித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நேற்று ஹட்டியில் நான்கு வீட்டில் சொல்லிவிட்டேன். தவறு. ஒன்று அலுவலருக்கு, மற்றொன்றில் அவருடைய ஒப்புகைக் கையெழுத்தைப் பெற்று நாமே வைத்துக்கொள்ளவேண்டும். இந்தக் கட்டத்தில் ஆவணம் எதையும் இணைக்கத் தேவையில்லை. அந்த நான்கு வீட்டுக்கும் இன்று மறுபடி ஏறினேன். முழங்கால் ஞாபகப்படுத்துகிறது.

12 நவம்பர்

படிவத்தின் கீழ்ப்பாதிதான் எல்லோரையும் திணறடிக்கிறது. முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது, அதாவது 2002 இல் (தமிழகத்தின் சில தொகுதிகளில் 2005 இல்), உங்கள் பெயரோ, இல்லாவிட்டால் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கேட்கிறார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய வரிசை எண்ணை யார் நினைவு வைத்திருப்பார்?

இன்றைய பாக எண்ணைப் போட்டுப் பழைய பட்டியலைத் திறந்தால் வேறு ஏதோ ஊர் வருகிறது. காரணம் 2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறை. அதற்குமுன் குன்னூர் தனித்தொகுதி, கூடலூர் பொதுத்தொகுதி. இப்போது கூடலூர் தனி, குன்னூர் பொது. தொகுதி எண்கள், பாக எண்கள் எல்லாம் அப்போது மாறிப்போயின. ஆகவே எண்ணை நம்பாதீர்கள். வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்தின் பெயரைப் பிடித்துத் தேடுங்கள். எங்கள் பள்ளிக்கூடம் கூரைதான் மாறியது, பெயர் மாறவில்லை.

அடுத்த தொல்லை எழுத்து. 'போஜன்' என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் பழைய பட்டியலில் அவர் 'போஜாகவுடர்' என்று ஒரே சொல்லாக நிற்கிறார். 'லட்சுமி' கிடைக்கமாட்டார், 'லக்ஷ்மியம்மாள்' கிடைப்பார். நேற்று மாலை டீக்கடைப் பெஞ்சில் என் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆறு பேர் குனிந்திருந்தோம். தேடிய ஆள் அகப்படவே இல்லை. கடைசியில் அவருடைய மனைவியின் பெயரைத் தேடி, அந்த வீட்டு எண்ணைப் பிடித்து, மேலே ஒரு வரி ஏறிப் பார்த்தால், அங்கே அவர் தந்தையின் பெயரைத் தன் பெயராகவும் தன் பெயரைத் தந்தையின் பெயராகவும் மாற்றி அச்சாகி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பட்டியலைக் காட்டித்தான் இத்தனை தேர்தலிலும் ஓட்டுப் போட்டாராம்.

எங்கள் ஹட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பெயருடைய இரண்டு பேர், இருவருக்கும் தந்தை பெயர் ஒன்று, வயதில் இரண்டு வருட வித்தியாசம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் இது அதிசயமில்லை. தபாலில் வங்கிக் கடிதம் என்றால் மேல் வீட்டுக்கு, கோர்ட் கடிதம் என்றால் கீழ் வீட்டுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். கணினி இந்த இருவரையும் பார்த்தால் ஒரே ஆள் இரட்டைப் பதிவு என்றுதான் நினைக்கும். அடையாள அட்டை எண் ஒன்றுதான் இவர்களைப் பிரித்துக் காட்டும். அதைப் படிவத்தில் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

16 நவம்பர்

கீழ் லயன். மணி ஆறு. கதவு வாசலிலேயே பாட்டி உட்கார்ந்துகொண்டார், அலுவலர் அம்மா படிக்கட்டில், நான் டார்ச்சோடு நின்றேன். கணவர் பெயர் என்ன என்று கேட்டதும் பாட்டி சிரித்துக்கொண்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இப்போதும் அவர் பெயரைச் சொல்லமாட்டார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி, "மயில் மேலே இருக்காரே, அவருதான்" என்றார். அலுவலர் 'முருகன்' என்று எழுதிவிட்டார். பக்கத்து வீட்டுப் பேத்தி ஓடிவந்து, "அய்யோ அக்கா, தாத்தா பேரு பழனியாண்டி!" என்றாள். மயில் இருவருக்கும் பொது. 2002 பட்டியலில் பழனியாண்டி மனைவி என்றுதான் இருக்கிறது. முருகன் மனைவியாக அனுப்பியிருந்தால் பொருந்தாத பெயர் என்று நோட்டீஸ் வந்திருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது 1951-52 முதல் பொதுத்தேர்தல்தான் நினைவில் ஓடியது. அப்போது வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிவு செய்ய வந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அன்று தன் பெயரைச் சொல்லாததால் பட்டியலில் இடமில்லை. எங்கள் பாட்டி தன் பெயரை வாய் நிறையச் சொன்னார்; சிக்கல் வந்தது தாத்தாவின் பெயரில்தான்.

17 நவம்பர்

அருவங்காட்டுச் சகோதரி கோபித்துக்கொண்டிருக்கிறார்: இதில் சிரிக்க என்ன இருக்கிறது, கணவர் பெயர் இல்லாமல் ஒரு பெண்ணைப் பதிய முடியாதா என்று. கோபம் நியாயம். படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. கணவர் அல்லது மனைவி பெயர் என்ற இடத்தில் 'பொருந்துமாயின்' என்று இருக்கிறது. கணவர் பெயரை நாங்கள் முதலில் கேட்டது படிவம் கேட்டதால் அன்று, பழக்கத்தால். பழைய பட்டியலோடு பொருத்துவதற்கு மட்டும் அதில் உள்ளபடி உறவினர் பெயர் தேவைப்பட்டது. இப்போது, "அம்மா, உங்கப்பா பேரு என்ன?" என்றுதான் தொடங்குகிறோம். அப்பா பெயரைச் சொல்ல எந்தப் பாட்டியும் வெட்கப்படவில்லை.

23 நவம்பர்

பந்தலூர் அன்பர் கேட்டதற்கு. அவருடைய பக்கத்தில் ஜன்மம் நிலத்தில் (பழைய பரம்பரை நிலவுடைமை எஸ்டேட்டுகளின் நிலம்) குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, கதவு எண் இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பும் இல்லை. இவர்களால் பெயர் சேர்க்க முடியுமா என்கிறார். முடியும். 1969 ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்த நாளிலிருந்து நிலம் யாருடையது என்ற வழக்கு நடக்கிறது. அது வேறு கணக்கு. வாக்காளராவதற்கு இந்தியக் குடியுரிமை, 18 வயது, அந்த இடத்தில் வழக்கமாக வசிப்பது ஆகியவைதான் வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. வீடே இல்லாமல் சாலையோரம் தூங்குபவருக்குக்கூட, அவர் சொன்ன இடத்தில் இரவில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய்ப் பார்த்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றது. அவர்கள் மண்டபம் முகாம் வழியாகக் கையில் இந்தியக் கடவுச்சீட்டோடும் குடும்ப அட்டையோடும் வந்தவர்கள். எங்கள் மேல் லயனில் ஒரு தாத்தா அந்த அட்டையை இன்னமும் பழைய போனஸ் சீட்டுகளோடு ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறார். படிவம் கொடுக்கப் போனபோது நாங்கள் கேட்காமலே எடுத்து நீட்டினார். இப்போது எந்தக் காகிதமும் வேண்டாம் தாத்தா என்று சொன்னால் நம்ப மறுக்கிறார். "போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார். எந்தத் தடவை என்று நான் கேட்கவில்லை.

2 டிசம்பர்

கோவையில் குடியிருக்கும் பிள்ளைகளின் பெயரை ஹட்டியில் வைத்திருக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதவேண்டியவன் நான். எழுதக் கூச்சமாக இருப்பதால்தான் பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

என் மகன் கோவைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அங்கேதான் வேலை, வாடகை வீடு, குழந்தையின் பள்ளிக்கூடம். பெயர் இங்கே. வெளியூரில் இருப்பவருக்காகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவர் உறவைக் குறிப்பிட்டுக் கணக்கீட்டுப் படிவத்தில் கையெழுத்திடலாம் என்ற விதியின்படி, நவம்பர் 10 அன்று அவனுக்காக நான் கையெழுத்திட்டேன். தன்னார்வலர் கையெழுத்திடுவதில்லை என்று இங்கே நீட்டி முழக்கிய நான்காவது நாள். தந்தையாகத்தானே போட்டேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் பக்கத்து வாதத்தையும் வைத்துவிடுகிறேன். இந்த மண்ணில் அவனுக்குப் பங்கு இருக்கிறது, சாவுக்கும் ஹப்பாவுக்கும் (ஊர்த் திருவிழாவுக்கும்) வருகிறான், ஓட்டுக்கும் வருகிறான். அதோடு, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். பெயரை எடுத்துவிட்டால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கிராம சபையில் எழுந்து பேசக்கூட அவனுக்கு இடமில்லை. பொறங்காட்டுச் சீமையில் (கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஊர்களில்) வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளியூரில். எல்லாப் பெயரையும் எடுத்தால் ஹட்டியில் மிஞ்சுவது நாங்கள் கிழவர்கள்தான்.

3 டிசம்பர்

மஞ்சூர்க்காரர் விடவில்லை. 1950 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20 ஆவது பிரிவைப் படித்தீர்களா என்கிறார். படித்தேன். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பதாலோ உடைமையில் இருப்பதாலோ மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று முதல் உட்பிரிவிலேயே இருக்கிறது. அடுத்த உட்பிரிவு, தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் வசிப்பிடம் போய்விடாது என்கிறது. திருப்பூரில் ஆறு மாதம் பனியன் கம்பெனிக்குப் போன லயன் பையனுக்கு இரண்டாவது பொருந்தும். ஒன்பது வருடத்தைத் தற்காலிகம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

நேற்று எழுதிய மண், பங்கு, ஹப்பா எல்லாம் உறவுக்குப் பொருந்தும் வாதங்கள், வசிப்புக்குப் பொருந்தாதவை. கிராம சபை வாதம் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. அதுவும் அவன் கடைசியாகக் கிராம சபைக்கு எப்போது வந்தான் என்று யாரும் கேட்காதவரை.

9 டிசம்பர்

வட மாநிலத் தொழிலாளர்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஜார்க்கண்டிலிருந்து குடும்பத்தோடு வந்து எஸ்டேட்டிலேயே நிலையாகத் தங்கிவிட்டவர், சொந்த ஊர்ப் பதிவை விட்டுவிட்டு இங்கே மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இரண்டு இடத்திலும் வைத்திருக்க முடியாது. என் மகனுக்கும் அவருக்கும் ஒரே சட்டம்தான்.

12 டிசம்பர்

கெட்ட செய்தி. படிவம் ஒப்படைக்கும் கடைசி நாள் 14 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று மகன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். மருமகள் சாதாரணமாகச் சொன்னாள்: "மாமா, நாங்க இங்க போன மாசமே ரெண்டு பேருக்கும் ஃபார்ம் குடுத்துட்டோமே." நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய பெயரைக் கோவைக்கு மாற்றியபோது அவனுடைய பெயரையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இங்கே இருப்பதை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆக, ஊரில் இரட்டைப் பதிவு எங்கே என்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தவன் வீட்டிலேயே இரட்டைப் பதிவு. அதிலும் வேறெங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழிக்குக் கீழே என் கையெழுத்து. தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் அதே 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். கேட்காமல் இருந்தேன் என்பதும் உண்மை.

அங்கன்வாடிக்குப் போய் அலுவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். படிவம் கணினியில் ஏறிவிட்டது, வரைவுப் பட்டியல் வந்ததும் படிவம் 7 கொடுத்து நீக்கிக்கொள்ளுங்கள் அண்ணா என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

20 டிசம்பர்

வரைவுப் பட்டியல் நேற்று வந்தது. தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை என்கிறார்கள். அவ்வளவு பெரிய எண்ணைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்லத் தெரியாது. எங்கள் பாகத்தில் இல்லாத பெயர்கள் 61, அவற்றை ஒவ்வொன்றாகத் தெரியும். இறந்தவர்கள் 22 பேர். அவர்களில் மூவருக்குப் போன தேர்தலில்கூட வாக்காளர் சீட்டு வந்தது. அந்தச் சீட்டைப் பார்த்து ஒரு வீட்டில் அழுதார்கள். இவை போகவேண்டிய பெயர்கள்தான். 2009 நவம்பர் மழையில் சரிவில் வீடிழந்து வேறு ஊருக்குப் போன இரண்டு குடும்பங்களின் பெயர்களும் இப்போதுதான் போயிருக்கின்றன.

ஒரு பெயரில் என் கை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. நவம்பர் 6 அன்று எழுதியதைப் பாருங்கள்: ஊரார் பத்துப் பேரை உட்காரவைத்து உரக்க வாசித்தால் போதும் என்று. அப்படித்தான் டீக்கடையில் வாசித்தோம். பத்துப் பேரும் ஆண்கள். ஒரு பெண்ணின் பெயர் வந்ததும், "அது கட்டிக் குடுத்து மேட்டுப்பாளையம் போயிருச்சே" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். அலுவலர் தன் குறிப்பில் 'இடம்பெயர்ந்தவர்' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெண் கணவனோடு ஒத்துப்போகாமல் இரண்டு வருடத்துக்கு முன்பே தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வெளியே அதிகம் வருவதில்லை. தாயும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. படிவம் ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை, கேட்டால் ஏன் இங்கே இருக்கிறாள் என்ற கேள்வி வருமே என்று. டீக்கடையிலிருந்து அந்த வீட்டுக்கு எண்பது படி. யாரும் ஏறவில்லை.

பூட்டியிருந்த வீட்டுக்குச் 'சென்றுவிட்டார்' என்று எழுதி வசவு வாங்கியதைப் பெருமையாகச் சொன்னேன் அல்லவா. இங்கே வீடு பூட்டியிருக்கக்கூட இல்லை.

28 டிசம்பர்

அந்தப் பெண்ணின் விஷயம் நகர்ந்திருக்கிறது. நான் போகவில்லை, என் வீட்டுக்காரம்மாவை அனுப்பினேன், அதுதான் சரி. ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து, "ஃபார்ம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். பெயர் விட்டுப்போனவர் புதிதாகச் சேர்ப்பதுபோலப் படிவம் 6, அதோடு உறுதிமொழிப் படிவமும் கொடுக்கவேண்டும். ஓர் அலுவலகத்தில் முதலில் வாங்க மறுத்தார்கள்: ஆதாரில் மேட்டுப்பாளையம் முகவரி, ரேஷன் அட்டையில் கணவன் வீட்டுப் பெயர், இங்கே வசிப்பதற்கு என்ன சான்று என்று. முகவரிச் சான்று சரியாக இல்லாதபோது அலுவலர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரலாம் என்பதை எடுத்துச் சொல்ல ஒரு முற்பகல் போனது. அங்கன்வாடி அம்மா அன்று மாலையே எண்பது படியும் ஏறினார்.

தந்தை பெயரா, கணவர் பெயரா என்று கேட்டபோது அந்தப் பெண் "அம்மா பேரு போடலாமா?" என்று கேட்டாளாம். போடலாம். போட்டாயிற்று. அருவங்காட்டுச் சகோதரிக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

இனிமேல் உரக்க வாசிக்கும் இடம் டீக்கடை இல்லை. மகளிர் குழு கூடும் சனிக்கிழமை ஒரு முறை, லயனில் இலை நிறுக்கும் இடத்தில் ஒரு முறை. அதற்குப் பிறகும் 'போய்விட்டார்' என்று யாராவது சொன்னால் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் குறிப்பு.

11 ஜனவரி 2026

ஹெத்தையம்மன் ஹப்பாவுக்கு மகன் வந்திருந்தான். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை எடுத்தேன். கோவைப் பெயரை எடுத்துவிட்டு இங்கே வைத்துக்கொள்கிறேன் என்றான். அங்கே கவுன்சிலர் யார் என்றுகூட அவனுக்குத் தெரியாதாம். தெரியாவிட்டால் தெரிந்துகொள், குப்பை அங்கேதானே போடுகிறாய் என்றேன். மருமகள் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனே பேனாவைக் கேட்டான்.

படிவம் 7 இல் தன் பெயரைத் தானே நீக்கக் கோரலாம். காரணம் என்ற இடத்தில் இடம்பெயர்ந்ததைக் குறித்துவிட்டு, "எந்தத் தேதியிலிருந்துப்பா?" என்று என்னைக் கேட்டான். தேதியை அவன் அம்மா சொன்னார், வருடமும் கிழமையுமாக.

படிவத்தை அலுவலரிடம் ஒப்படைத்தபோது அவர் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்: "அண்ணா, இது மேல் வீடா, கீழ் வீடா?" நவம்பர் 12 அன்று நான் எழுதிய அந்த ஒரே பெயர்க்காரர்கள் இருவரில் மேல் வீட்டுக்காரன் என் மகன்தான், அப்போது சொல்லவில்லை. அடையாள அட்டை எண்ணை இரண்டு இடத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி, நீக்குவதற்குமுன் சம்பந்தப்பட்டவருக்கு அறிவித்து அவர் தரப்பைக் கேட்டாகவேண்டும். ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே தந்தை பெயர் என்றால் நோட்டீஸ் எந்த வீட்டுக்குப் போகும் என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ஆகையால் கீழ் வீட்டுக்கு இறங்கினேன். அவர் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் 18 ஆம் தேதி, அதற்குப் பிறகு 1950 என்ற எண்ணுக்குப் பேசி உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "உம் பையன் ஊரைவிட்டுப் போனதுக்கு நான் எதுக்குப் போன் போடணும்?" என்றார். நியாயம்தான். அவருடைய அட்டை எண்ணை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, நானே பேசிச் சொல்கிறேன் என்று படியேறி வந்தேன்.